வேர் கழுவும் வேலை

நொஷாத்தெல் ஏரிக்கு மேலே, சரிவில்,
கண்ணாடி வீட்டின் பின்பக்கத் தொட்டியில்
வேர் கழுவுவது என் வேலை.
ரப்பர் கையுறை, சல்லடை, குளிர்ந்த நீர்.
வேரில் வெந்நீர் ஊற்றக்கூடாது என்பதை
யாரும் எனக்குப் பிரெஞ்சில் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை.

மக்காச்சோளத்தை
வேரோடும் வேரடி மண்ணோடும் பெயர்த்து
ஒடில் கொண்டுவந்து வைப்பாள்.
எண் நாற்பத்தொன்று. எண் நாற்பத்திரண்டு.
மேலே பார்த்தால் அண்ணன் தம்பி, ஒரே பச்சை.
மண் கரையக் கரையத்தான் தெரியும்
ஒருவனுக்கு அடர்ந்த தாடி,
மற்றவனுக்கு வெறும் தாடை.

அரிசியைவிடக் கொஞ்சம் நீளமான வெள்ளைப் புழு.
தலை மட்டும் பழுப்பு.
வேருக்குள் புகுந்து, நடுவே குடைந்து,
அது வெளியே வரும்போது
வேர் ஒரு காலி உறை.

செடியால் ஓட முடியாது. அதனால்
ஊமை என்றும் நினைத்திருந்தேன்.
ஒரு மதியம், ரொட்டியை மடியில் வைத்தபடி
ஒடில்தான் சொன்னாள்:
கடிபட்ட வேர் ஒரு வாசனையை விடும்,
அது மண்ணின் இடுக்குகளில் ஊர்ந்து போகும்,
கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்கள் அதை மோந்து வந்து
கடித்தவனின் உடம்புக்குள் நுழையும்.
சில நாட்களில் அவன் கூழ்.
என்ன வாசனை, என்றேன்.
மிளகில் இருப்பதுதான். கிராம்பிலும் உண்டு.

அன்றிரவு ரசத்துக்கு மிளகு தட்டும்போது
உரலுக்குள் யாரோ ஆள் கூப்பிடுவது போலிருந்தது.
கை நின்றது.
பிறகு தட்டினேன். பசி.

பாதையோர டாண்டிலையன் யாரையும் கூப்பிடுவதில்லை.
முறித்தால் பால், பாலெல்லாம் கசப்பு.
மே வண்டின் தடித்த பிள்ளை
ஒரு வாய் கடித்துப் பார்த்துவிட்டு
பக்கத்துப் புல்லுக்குக் குடிபோகும்.
ஐந்நூறு வருடத்துக்கு முன், இதோ இந்த லொசானில்,
அந்தப் பிள்ளைகள் மேல் பிஷப் வழக்கு நடத்தினாராம்.
வக்கீல்கூட வைத்துக் கொடுத்தார்களாம்.
பிரதிவாதிகள் ஆஜராகவில்லை.
சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

நாற்பத்திரண்டு கூப்பிடவில்லை.
அது வேறு ரகம், கடல் தாண்டி வந்த விதை.
கொழுத்த கதிருக்காகத்
தலைமுறை தலைமுறையாய்ப் பொறுக்கி எடுத்தவர்கள்
குரல் இருக்கிறதா என்று கேட்கவில்லை.
அந்தத் தேர்வில் அது ஒரு பாடமே இல்லை.
பாதி வேர் போன பிறகும்
இலையைப் பச்சையாக வைத்திருந்தது,
விருந்தாளி முன்னால் சண்டையை மறைக்கிறவர்கள் மாதிரி.

ஜூரா மலையிலிருந்து காற்றடித்த ஒரு புதன்கிழமை
சோதனை வயலில் அந்த ரகத்தின் வரிசை மட்டும்
படுத்துவிட்டது.
விழுந்தது விழுந்தபடியும் கிடக்கவில்லை.
பத்து நாளில் தண்டு நுனியைத் தூக்கி
வாத்துக் கழுத்தாய் வளைந்து நின்றது.
கதிரும் ஈன்றது, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்.
அறுவடை எந்திரத்தின் வாய்க்கு அது எட்டாது.
காகங்களுக்கு எட்டியது.

ஒடிலின் படிவத்தில்
எடைக்கு ஒரு கட்டம், நீளத்துக்கு ஒரு கட்டம்,
கடித்த தழும்புக்குப் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை.
நான் வேரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தேன்.
நாற்பத்திரண்டில், தின்று தீர்த்த இடத்துக்கு மேலே,
தண்டின் அடிக்கணுவில்
நகக்கண் அளவுக்கு மூன்று வெள்ளை முனைகள்.
புதுசு. நேற்றோ முந்தாநாளோ வந்தவை.

நாலு மணிக்கு எல்லாம் அடுப்புக்குப் போகும்,
காய்ந்த எடைதான் கணக்கு.
இதைச் சொல்லலாமா என்று பார்த்தேன்.
ஒடில் நாற்பத்துமூன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

குழாயைக் கொஞ்சம் குறைத்தேன்.